இருபத்து மூன்று மஞ்சள் புள்ளிகள்

ஒருவருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர் வைத்திருந்தால், ஆள் ஒன்று கஞ்சனாக இருக்கவேண்டும், இல்லை வாயே திறக்காத அழுத்தக்காரனாக இருக்கவேண்டும். இவர் இரண்டும் இல்லை. டீ குடிக்கப் போனால் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் சேர்த்து ஒன்று சொல்லுகிற மனுஷன். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில், மூன்று தளத்திலும் இருக்கிற ஐம்பத்தெட்டு கம்ப்யூட்டர்களுக்கும் அவர்தான் பொறுப்பு. பெயர் வந்த வழியும் அதுதான்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கம்ப்யூட்டர்கள் திறந்த வீடாகத்தான் கிடந்தன. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். ஒருத்தர் சீட்டாட்டம் ஏற்றி வைத்திருந்தார். இன்னொருத்தர் கல்யாணப் பத்திரிகை தயாரிக்கிற ப்ரோக்ராம் போட்டு, சொந்தபந்தம் அத்தனைக்கும் அலுவலகக் காகிதத்திலேயே அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரு வைரஸ். இவர் வந்து எல்லாரையும் லிமிடெட் அக்கவுண்டுக்கு மாற்றினார். அதாவது, உன் வேலையை நீ செய்துகொள்ளலாம், டைப் அடிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். புதிதாக ஒன்றை ஏற்றவோ, இருப்பதை மாற்றவோ முடியாது. அதற்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டும், அது இவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். சீட்டாட்டம் பறிபோனவர் இரண்டு மாதம் இவரோடு பேசவே இல்லை. பூட்டு என்று பெயர் வைத்த புண்ணியவானும் அவரேதான்.

பூட்டினால் மட்டும் போதுமா? ஆன்டிவைரஸ் என்று ஒன்று இருக்கிறதே. தினமும் வருகிற சின்னச் சின்ன அப்டேட் தானாக ஏறிக்கொள்ளும். ஆனால் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை அது தன்னையே புதுப்பித்துக்கொள்ளப் பார்க்கும். அப்போது மட்டும், பாஸ்வேர்டைப் போடு என்று திரையில் ஒரு பெட்டியைக் காட்டிக்கொண்டு நிற்கும். போடாவிட்டால் அதற்கப்புறம் சின்ன அப்டேட்டும் ஏறாது. வாசலில் காவலாளி உட்கார்ந்திருப்பார், கண் மட்டும் மூடியிருக்கும்.

அதனால் பூட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போவார். "ஒரு நிமிஷம் எழுந்திரிங்க" என்பார். இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு வலது கையால் பாஸ்வேர்டை அடிப்பார். மெஷின் அணைந்து எழுந்து வருகிறவரைக்கும் அங்கேயே நின்று, யாருடைய நாற்காலிக்குக் கால் ஆடுகிறது, யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விசாரித்து, நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்வார். ஐம்பத்தெட்டும் முடிய இரண்டு நாள் ஆகும். "பூட்டு சார் வந்துட்டாரு, எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்று கிண்டல் செய்வார்கள். அவருக்கு அந்த இரண்டு நாள் ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அவர் நிலைமை என்ன? பதினோரு மாத ஒப்பந்தம். பதினோரு மாதம் முடிந்தால் ஒரு மாதம் காகிதம் இல்லாமலே வேலை பார்த்து, மறுபடி பதினோரு மாதம். இப்படிப் பன்னிரண்டு காகிதம் வாங்கிவிட்டார். நிரந்தரம் ஆக்க நாற்பத்தெட்டு வயதுக்குள் இருக்கவேண்டும் என்று விதி. அவருக்கு நாற்பத்தேழு நடந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் விட்டால் இந்த ஜென்மத்துக்குக் கிடையாது. புதிதாக வந்த இயக்குநர் நல்ல மனுஷர்போலத்தான் தெரிந்தார். பரிந்துரைக் கோப்பில் இவர் பெயரை எழுதி, தன் மேஜைமேல் வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவதுதான் பாக்கி.

இனி மச்சினனைச் சொல்ல வேண்டும். மனைவிக்கு ஒரே தம்பி. பத்து வயது இளையவன். அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தாய்க்குத் தாயாக இருந்து அவள்தான் வளர்த்தாள். அவனோ எந்த வேலையிலும் ஆறு மாதம் நின்றதில்லை. பூட்டுதான் பழைய இயக்குநரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, கீழ்த்தளக் கவுன்டரில் பதிவு எழுத்தராக அவனை உள்ளே நுழைத்தார். வந்த மூன்றாம் வருஷமே அவனுக்கு நிரந்தரம் ஆகிவிட்டது. எழுத்தர்களுக்கு அப்படி ஒரு விதி உண்டாம், கம்ப்யூட்டர்காரருக்குக் கிடையாதாம். அன்றைக்கு வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான்.

புது இயக்குநர் ஒருநாள் மாடிப்படியில் இவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார், நோட்டும் கையுமா? நீங்க என்ன போஸ்ட்மேனா? உட்கார்ந்த இடத்துல இருந்து பண்ற காலம் இது" என்றார். சொன்னதோடு நிற்காமல் ஒரு புது ப்ரோக்ராமும் வாங்கிப் போட்டார். இரண்டாம் தளத்தில், பூட்டின் அறைத் திரையில் ஐம்பத்தெட்டு புள்ளிகள். பச்சை என்றால் அப்டேட் முடிந்தது. மஞ்சள் என்றால் நடக்கிறது. சிவப்பு என்றால் நின்றுபோனது. பாஸ்வேர்டு இங்கிருந்தே போய்விடும். உட்கார்ந்திருக்கிறவர் தன் திரையில் வரும் பெட்டியில் 'சரி' என்று ஒரே ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். மெஷின் தானே அணைந்து, இருபது நிமிஷத்தில் புதுசாக எழுந்துவிடும்.

மேல் தளங்களில் சிக்கலே இல்லை. பெட்டி வந்ததும் 'சரி'யை அமுக்கிவிட்டு டீக்குப் போய்விடுவார்கள், போகாதே என்றாலும் போகிறவர்கள்தானே. கீழ்த்தளம் அப்படி இல்லை. இருபத்து மூன்று கவுன்டர். காலை எட்டு மணிக்கே வரிசை வாசல்வரைக்கும் வந்துவிடும். இருபது நிமிஷம் மெஷின் இல்லை என்றால் கண்ணாடியைத் தட்டுவார்கள், அப்புறம் கண்ணாடிக்குள் கையை விடுவார்கள். யார் அமுக்குவார்கள் 'சரி'யை?

அங்கேதான் மச்சினன் மூளையைக் காட்டினான். அந்தப் பெட்டியை மூடத்தான் முடியாது, இழுக்க முடியும். பிடித்து இழுத்து, திரையின் கீழ் மூலைக்குக் கொண்டுபோய் விட்டால், நூல் அளவுக்கு ஒரு கோடு மட்டும் தெரியும். வேலைக்குத் தொந்தரவே இல்லை. ஒரே வாரத்தில் இருபத்து மூன்று பேருக்கும் அவன் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டான். "பூட்டோட மச்சான்னா சும்மாவா, கள்ளச்சாவி வச்சிருக்கான்யா" என்று பாராட்டு வேறு. இதெல்லாம் பூட்டுக்குத் தெரியாது. அவர் திரையில் கீழ்த்தளத்துப் புள்ளிகள் இருபத்து மூன்றும் மஞ்சளாகவே இருந்தன.

அவர் ஒன்றும் ஏமாளி இல்லை. அந்த ப்ரோக்ராமில், மூன்று மணி நேரத்துக்குள் 'சரி' அமுக்காத மெஷினைத் தானாக அணைத்து ஏற்றுகிற வசதி ஒன்று இருந்தது. அதைப் போடப்போகிறேன் என்று கீழே சொல்லி அனுப்பினார். அடுத்த ஐந்தாவது நிமிஷம் மச்சினன் அறைக்கு வந்து நின்றான்.

"அத்தான், அதை மட்டும் பண்ணிடாதீங்க. சாவு சர்ட்டிபிகேட்டுக்கு வந்து அழுதுக்கிட்டு நிக்கிறவங்க முன்னாடி மெஷின் பட்டுனு அணைஞ்சா, என்னைய அங்கேயே புதைச்சுடுவாங்க. சாயங்காலம் கவுன்டர் மூடினதும் நானே நின்னு எல்லாரையும் அமுக்க வைக்கிறேன். நான் பொறுப்பு, போதுமா?"

"நிஜமா பண்ணுவியா?"

"உங்ககிட்ட பொய் சொல்லுவேனா அத்தான்?"

வீட்டு ஆள் சொல்கிறான், நம்பினார். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, "அமுக்கியாச்சு அத்தான், ஓடிக்கிட்டிருக்கு. கிழட்டு மெஷினுங்க, மெதுவாத்தான் ஓடும்" என்றான். மஞ்சள் என்றால் ஓடுகிறது என்றுதானே அர்த்தம்? மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போகவேண்டும். இயக்குநர், "ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டுதானே சார்? உங்க கோப்பும் இதோட சேர்ந்து போகட்டும்" என்றார். இறங்கிப் போய் ஒருமுறை பார்த்திருக்கலாம். முப்பத்தாறு படி. போகவில்லை. போனால் 'மறுபடி போஸ்ட்மேன் ஆயிட்டீங்களா' என்பார்கள் என்று ஒரு கூச்சம், கோப்பு தாமதமாகுமே என்று ஒரு பயம். ஐம்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த ஒரு இடத்தில் அவருக்காக நியாயம் பேச யாருக்கும் வாய் வராது, தப்பு தப்புதான்.

அடுத்த புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, யாரோ விண்ணப்பதாரர் அனுப்பிய ஆவணம் என்று வந்த மெயிலில் இருந்ததை மச்சினன் திறந்தான். லிமிடெட் அக்கவுண்ட் என்பதால் வைரஸால் மெஷினுக்குள் இறங்க முடியவில்லை. ஆனால் எல்லாக் கவுன்டரும் சேர்ந்து எழுதுகிற பொதுக் கோப்புறை ஒன்று இருந்தது. அதற்கு எல்லாருக்கும் அனுமதி உண்டு, இல்லாவிட்டால் வேலையே நடக்காது. அரைமணி நேரத்தில் அதிலிருந்த அத்தனை பதிவையும் அது யாரும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டது. முந்தின சனிக்கிழமைவரைக்கும் பூட்டு நகல் எடுத்து வைத்திருந்ததால் மானம் கொஞ்சம் மிஞ்சியது. அதற்கப்புறம் பதிந்த பிறப்பும் இறப்பும் போனது போனதுதான். அந்த நாட்களில் வந்துபோனவர்களை எல்லாம் போன் போட்டு, மறுபடி காகிதங்களோடு வரச் சொன்னார்கள். ஒருத்தர் கவுன்டரில் நின்று கத்தினார்: "எங்கம்மா எத்தனை தடவைய்யா சாகணும் உங்களுக்கு?" பூட்டு அப்போது அங்கேதான், மச்சினன் மெஷினுக்கு முன்னால், தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார்.

திரையின் மூலையில் அந்த நூல்கோடு அவர் கண்ணில் பட்டது. பிடித்து மேலே இழுத்தார். பெட்டி வந்தது. அதில் இருந்த தேதி இருபத்தாறு நாளைக்கு முந்தியது.

"சும்மா நகர்த்தித்தான் வச்சேன் அத்தான், மூடலை" என்றான் மச்சினன். முகத்தில் ஈயாடவில்லை.

பூட்டு அன்றைக்கே தன் அறையில் உட்கார்ந்து, எந்த மெஷினில் எந்த நேரத்தில் பெட்டி வந்தது, யார் பதில் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பதிவைத் தேடி எடுத்தார். இரண்டு பக்கம் வந்தது. இருபத்து மூன்று கவுன்டருக்கும் நேரே 'பதில் இல்லை'. மெயிலைத் திறந்த கவுன்டர் எது என்பதும் அதில் இருந்தது. தன் கையெழுத்துத் தப்புதான், ஆனால் இந்த இரண்டு காகிதத்தைக் காட்டினால், தான் ஏமாற்றப்பட்டது தெரியும். ஒரு கண்டிப்போடு போய்விடும், கோப்பு பிழைத்துவிடும் என்று கணக்குப் போட்டார். திங்கட்கிழமை விசாரணை என்றார்கள்.

திங்கட்கிழமை காலையில் மனைவி அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேப்பரைக் கொடுக்கத்தான் போறீங்களா?"

"கொடுக்காம?"

"அவனைத் தூக்கிடுவாங்க."

"எனக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிக்காம இருப்பேனா? நிரந்தர வேலையில இருந்து ஒருத்தனைத் தூக்கினா, அப்புறம் எவனும் சேர்க்க மாட்டான். அவன் பொண்டாட்டிக்கு எட்டு மாசம். நீங்க... நீங்க கான்ட்ராக்ட்தானேங்க. உங்களுக்குக் கையில தொழில் இருக்கு. எங்க போனாலும் பிழைச்சுக்குவீங்க. அவனுக்கு என்ன தெரியும்?"

'கான்ட்ராக்ட்தானே' என்று அவள் சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பன்னிரண்டு வருஷமாக அலுவலகம் சொன்னதுதான். வீட்டுக்குள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்களே, அவள் மேல் குற்றம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. உள்ளேயிருந்து மச்சினனும் வந்தான், விடிந்ததுமே வந்து சேர்ந்திருந்தான்.

"அத்தான், நான் உங்களை விட்டுக்கொடுப்பேனா? பெட்டி வந்துச்சு, கூட்டத்துல எங்களால அமுக்க முடியலைன்னு கீழ்த்தளத்துல எல்லாருமா சேர்ந்து சொல்லிடுறோம். இருபத்து மூணு பேரையும் என்ன பண்ணிட முடியும்? உங்க மேலயும் வராது, என் மேலயும் வராது. அந்தப் பேப்பர்ல என் கவுன்டர் தனியா இருக்கு, அது மட்டும் வேண்டாம்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. பூட்டு இரண்டு காகிதத்தையும் மடித்து மனைவியிடம் கொடுத்தார். அவள் பீரோவில், துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி, பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வாய் குடித்தார். முதலில் கீழ்த்தளத்துக்காரர்களைக் கூப்பிட்டார்கள். பூட்டு வெளியே பெஞ்சில். கதவு பாதி திறந்துதான் இருந்தது. முதலில் போனவன் மச்சினன்.

"அப்டேட் பண்ணச் சொல்லி உங்க திரையில எதுவும் வந்துச்சா?"

"வந்ததா ஞாபகம் இல்லை சார்."

"ஒரு பெட்டிகூட வரலையா?"

"இல்லை சார். எங்களுக்கு எதையும் தொட அனுமதியே கிடையாது. எல்லாத்தையும் அவர் பூட்டித்தான் வச்சிருந்தார். அவரும் வந்து பார்க்கிறதை நிறுத்திட்டார். நாங்க என்ன சார் பண்ண முடியும்?"

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று சும்மாவா சொன்னார்கள்! பின்னாலேயே போன இருபத்து இரண்டு பேரும் அதே பாட்டு. நாற்காலிக்குக் கால் ஆடுகிறது என்று இவர் தச்சரைக் கூட்டிவந்து சரிசெய்து கொடுத்த அம்மா ஒருத்தி உண்டு. அவள்கூட, "பெட்டியா? எனக்குத் தெரியாதே" என்றாள். வெளியே வரும்போது ஒருத்தரும் பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. மச்சினன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாகப் போனான். மறுமுனையில் யாரும் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

கடைசியாக இவர்.

"இந்த அறிக்கையில இருக்கிற கையெழுத்து உங்களதா?"

"ஆமா சார்."

"ஐம்பத்தெட்டும் முடிஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க. முடிஞ்சுதா?"

"இருபத்து மூணு மஞ்சள்ல இருந்துச்சு சார்."

"மஞ்சள்னா முடிஞ்சதா?"

"இல்லை சார்."

அதிகாரி ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார். மாடிக்குப் போய் அந்தப் பதிவை மறுபடி எடுத்துவர ஐந்து நிமிஷம் போதும். மனைவிக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். சொந்த மச்சினனைக் காட்டிக்கொடுத்துத் தப்பித்தான் என்ற பேர் இன்னொரு பக்கம். "இல்லை சார்" என்றார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், படுத்தார். உள்ளே என்ன நடந்தது என்று மனைவி கேட்கவில்லை. தம்பி போனில் ஏதோ சொல்லியிருப்பான்போல. இவரும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் உத்தரவு வந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. பரிந்துரைக் கோப்பிலிருந்தும் பெயர் எடுத்தாயிற்று. அன்றைக்குத்தான் பூட்டுக்கு ரோஷம் வந்தது. பீரோவைத் திறந்து காகிதங்களை எடுத்தார். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள், தடுக்கவில்லை. நேரே இயக்குநர் அறைக்குப் போய் மேஜைமேல் விரித்தார்.

இயக்குநர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "இது உங்க கைக்கு எப்போ வந்துச்சு?"

"வைரஸ் வந்த அன்னைக்கே சார்."

"அப்போ விசாரணையில ஆதாரத்தை மறைச்சிருக்கீங்க. இதை நான் வாங்கினா, முதல் கேள்வி உங்களைத்தான் கேட்பாங்க. அப்புறம், ஏன் வாங்கினேன்னு என்னைக் கேட்பாங்க. கோப்பை மூடியாச்சு சார்." காகிதத்தை மடித்து, அவர் பக்கமே நகர்த்தி வைத்தார். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. எடுத்துக்கிட்டுப் போங்க."

மறுவாரம் கம்ப்யூட்டர் பொறுப்பைக் கூடுதலாக யாரிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? மச்சினனிடம்தான். 'வீட்டிலேயே பார்த்துப் பழகியவர்' என்று இயக்குநர் தன் குறிப்பில் எழுதினாராம். அந்த மேஜை, அந்த அறை, ஐம்பத்தெட்டு புள்ளிகள் ஓடுகிற அந்தத் திரை எல்லாம் அவனுக்கு. பழி ஓரிடம், பதவி ஓரிடம். பூட்டு நாலைந்து இடம் ஏறி இறங்கினார். வயதைக் கேட்டார்கள், பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில், பிரிண்டருக்கு மை நிரப்புகிற மேஜையில் உட்கார்ந்தார்.

அப்படி இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினன் வந்தான். குழந்தை பிறந்திருந்தது. போனில் படம் காட்டினான், அக்கா வாங்கி வாங்கிப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான்.

"அத்தான், ஒரு தலைவலி. கீழ்த்தளத்துல ஒருத்தனும் 'சரி'யை அமுக்க மாட்டேங்கிறான். பெட்டியை இழுத்து மூலையில தள்ளிட்டு உட்கார்ந்திருக்கானுங்க. இருபத்து மூணும் மஞ்சள். நான் சொன்னா மதிக்கிறதே இல்லை. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலைதானே உருளும்?"

கிண்டல் செய்கிறானோ என்று பூட்டு அவன் முகத்தைப் பார்த்தார். இல்லை. நிஜமாகவே நொந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தான். அடித்துவிடலாமா என்று இருந்தது அவருக்கு. இந்த வயதில், சாப்பிட்ட கையோடு, அவள் முன்னால்? கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"சொல்லிக் கொடுங்களேன்" என்றாள் மனைவி. "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

சொன்னார். எந்தப் பக்கத்தைத் திறக்கவேண்டும், அதில் எத்தனாவது வரி, மூன்று மணி நேரம் என்று எங்கே போடவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவன் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டான். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தான்.

"இவ்வளவுதானா? இதை நீங்க அப்பவே பண்ணியிருந்தா இவ்வளவும் வந்தே இருக்காதே அத்தான்."

"நீதானேப்பா வேண்டாம்னு..."

"ஐயோ, போதும்ங்க" என்றாள் மனைவி. "நடந்து முடிஞ்சதை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லிக்கிட்டே இருப்பீங்க?"

பூட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். விசாரணைக்கு அப்புறம் அந்த வீட்டில் அவர் அதைப் பற்றி வாய் திறந்தது அன்றைக்குத்தான், அதுவும் அந்த இரண்டு வார்த்தைதான்.